படுக்கை ஒன்று, காத்திருப்போர் பலர்: பெருந்தொற்றுக் காலத்தில் உறுப்பு தானம்

நீங்கள் தொடக்கப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலம் அது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. ஒவ்வொரு நாளும் மாலையில் சுகாதாரத் தலைமை இயக்குநர் தொலைக்காட்சியில் தோன்றி எண்களை வாசிப்பார். புதிதாகத் தொற்று கண்டவர்கள் இத்தனை பேர், குணமடைந்தவர்கள் இத்தனை பேர், தீவிர சிகிச்சைப் பிரிவில் இத்தனை பேர், அவர்களுள் செயற்கைச் சுவாசக் கருவியின் உதவியோடு இருப்பவர்கள் இத்தனை பேர், மரணமடைந்தவர்கள் இத்தனை பேர்.

அந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒரு கூட்டம் இருந்தது. அவர்களுக்குக் கோவிட்-19 தொற்று இல்லை. அவர்களுடைய சிறுநீரகமோ, கல்லீரலோ, இருதயமோ ஏற்கெனவே பழுதடைந்திருந்தது. யாராவது தானமாகத் தரும் உறுப்பு ஒன்றுதான் அவர்களைக் காப்பாற்றும். மலேசியாவில் இப்படிக் காத்திருப்போர் ஏறத்தாழ 10,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது சிறுநீரகம்.

கொரோனா கிருமி இவர்களில் பலரைத் தொடவே இல்லை. ஆனாலும் அது இவர்களின் வாய்ப்பைப் பறித்தது. எப்படி? அதைப் புரிந்துகொள்ள, முதலில் உறுப்பு தானம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கொடையாளர் ஆகக்கூடியவர் யார்?

இறந்தவர்கள் எல்லாராலும் உறுப்புகளைத் தானம் செய்ய முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மிகச் சிலரால் மட்டுமே முடியும். இருதயம் நின்றுவிட்டால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். ஆக்சிஜன் கிடைக்காமல் சில நிமிடங்களிலேயே உறுப்புகளின் உயிரணுக்கள் சிதையத் தொடங்கிவிடும். வீட்டில் இறந்துபோகும் ஒருவரின் இருதயத்தையோ கல்லீரலையோ பயன்படுத்த முடியாததற்கு இதுவே காரணம்.

ஆகவே, மலேசியாவில் இறந்தவர்களிடமிருந்து பெறப்படும் இருதயம், கல்லீரல், சிறுநீரகம் போன்றவை பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்தே கிடைக்கின்றன. சாலை விபத்தில் தலையில் பலத்த அடிபட்டாலோ, மூளையில் இரத்தக் குழாய் வெடித்தாலோ மூளை வீங்கும். மண்டையோடு கடினமானது, வீங்கும் மூளைக்கு இடம் கொடுக்காது. அழுத்தம் ஏறி, மூளைக்குள் இரத்தம் செல்வதே தடைபடும். மூளைத் தண்டும் செயலிழந்தால் தானாக மூச்சு விடும் திறன் நிரந்தரமாகப் போய்விடும். அவர் இறந்துவிட்டார் என்றே மருத்துவமும் சட்டமும் கொள்கின்றன.

ஆனால், அவர் ஏற்கெனவே செயற்கைச் சுவாசக் கருவியில் இணைக்கப்பட்டிருந்தால், நுரையீரலுக்குள் காற்று போய்க்கொண்டே இருக்கும். இருதயத்துக்குத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சொந்தக் கணு இருப்பதால், மூளையின் கட்டளை இல்லாமலும் அது சிறிது காலம் துடிக்கும். அந்த இடைவெளியில்தான் மற்ற உறுப்புகள் கெடாமல் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஒரு கொடையாளரால் எட்டுப் பேர் வரை உயிர் பிழைக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டிய சொற்கள் இரண்டு: தீவிர சிகிச்சைப் பிரிவு, செயற்கைச் சுவாசக் கருவி. கடுமையான கோவிட் நோயாளிக்கு எவை தேவைப்பட்டனவோ, அவைதான் கொடையாளருக்கும் தேவை. கருவி மட்டும் அல்ல, அதை இயக்கத் தெரிந்த அதே தாதியரும் அதே மருத்துவர்களும்கூட.

பல கண்ணிகள் கொண்ட சங்கிலி

மூளைச்சாவு நிகழ்ந்த நேரத்திலிருந்து, உறுப்பு இன்னொருவர் உடலில் இயங்கத் தொடங்கும் நேரம் வரை நடப்பதை ஒரு சங்கிலியாக எண்ணிப் பாருங்கள்.

முதலில், மூளைச்சாவை உறுதிசெய்ய வேண்டும். மலேசியாவின் 1974-ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டப்படி, மரணத்தை இரண்டு மருத்துவர்கள் உறுதிப்படுத்த வேண்டும். அவர்கள் உறுப்பை எடுக்கும் குழுவைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. அடுத்து, குடும்பத்தாரிடம் பேசி அவர்களின் சம்மதத்தைப் பெற வேண்டும். பிறகு கொடையாளருக்கு நோய்த்தொற்று எதுவும் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். இரத்த வகையும் திசு வகையும் பொருந்தும் நோயாளியைத் தேட வேண்டும். அந்த நோயாளியை மருத்துவமனைக்கு வரவழைக்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரு நாள்கூட ஆகலாம். அந்த நேரம் முழுவதும் கொடையாளரின் இரத்த அழுத்தத்தையும் உடல் வெப்பத்தையும் ஒரு தாதி அருகிலிருந்து கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

உறுப்பை வெளியே எடுத்ததும் கடிகாரம் இன்னும் வேகமாக ஓடும். உறுப்பு ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ் குளிரில் வைக்கப்படும். குளிரில் உயிரணுக்களின் வேதிவினைகள் மெதுவாகின்றன. அதனால் அவற்றின் ஆக்சிஜன் தேவை குறைகிறது. ஆனால் முற்றாக நின்றுவிடுவதில்லை. வழக்கமான குளிர்ப் பெட்டியில் இருதயம் 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். நுரையீரலுக்கு 6 முதல் 8 மணி நேரம். கல்லீரலுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம். சிறுநீரகம் ஒரு நாளைக்கு மேலும் தாங்கும்.

இப்போது இதை நம் நாட்டு வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். இருதய மாற்றுச் சிகிச்சை நடப்பது கோலாலம்பூரில் உள்ள தேசிய இருதயக் கழகத்தில். கொடையாளர் சபாவிலோ சரவாக்கிலோ இருந்தால், இருதயம் தென்சீனக் கடலைக் கடந்து நான்கைந்து மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். அதற்கு விமானம் வேண்டும். எல்லைகள் மூடப்பட்டு, உள்நாட்டு விமானச் சேவைகள் சுருங்கிப்போன காலத்தில் இது எவ்வளவு கடினம் என்று யோசியுங்கள்.

சங்கிலி அறுபடுவதற்கு எல்லாக் கண்ணிகளும் உடைய வேண்டியதில்லை. ஒன்று போதும். பெருந்தொற்று ஒரே நேரத்தில் பல கண்ணிகளைத் தளர்த்தியது.

குறைந்துபோன கொடையாளர்கள்

தொடக்கத்திலேயே ஓர் எதிர்பாராத மாற்றம் நிகழ்ந்தது. மக்கள் வீட்டுக்குள் இருந்ததால் சாலைகள் வெறிச்சோடின. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் 6,167 பேர் இறந்தனர். 2020-இல் அது 4,634 ஆகக் குறைந்தது. இது மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் தலைக் காயத்தால் மூளைச்சாவு அடைவோர் எண்ணிக்கையும் இதனால் குறையும்.

இன்னொரு மாற்றம் மகிழ்ச்சிக்குரியது அல்ல. தொற்றிக்கொள்ளுமோ என்ற பயத்தில், பக்கவாதம் போன்ற நோய் கண்டவர்களும் மருத்துவமனைக்குத் தாமதமாகப் போனதைப் பல நாடுகளின் மருத்துவர்கள் கவனித்தனர். பிழைத்திருக்கக்கூடிய சிலர் பிழைக்காமல் போனார்கள். வீட்டிலேயே இறந்தவர்களால் உறுப்பு தானமும் செய்ய முடியவில்லை.

குடும்பத்தாரின் சம்மதம் என்ற கண்ணியும் தளர்ந்தது. சாதாரண நாளில் மருத்துவரும் உறுப்பு தான ஒருங்கிணைப்பாளரும் குடும்பத்தாரோடு ஓர் அறையில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசுவார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் வருகையாளர்களுக்குத் தடை. பல இடங்களில் இந்தப் பேச்சு தொலைபேசியிலோ, முகக்கவசம் அணிந்து எட்ட நின்றோ நடக்க வேண்டியிருந்தது. அப்பா கட்டிலில் படுத்திருக்கிறார், நெஞ்சு ஏறி இறங்குகிறது. அவர் இறந்துவிட்டார் என்பதை நேரில் பார்த்துக் கேட்கும் பிள்ளைகளுக்கே நம்புவது கடினம். தொலைபேசியில் கேட்பவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

ஒரு படுக்கை யாருக்கு?

2021 ஆகஸ்ட் மாதத்தில் மலேசியாவின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கோவிட் நோயாளிகள் மட்டுமே 1,000 பேருக்கு மேல் இருந்தனர். கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகளில் சாதாரண நோயாளிகளுக்கான படுக்கைப் பகுதிகள் கோவிட் பகுதிகளாக மாற்றப்பட்டன. அவசரமற்ற அறுவைச் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன.

இந்நிலையில் மருத்துவர்கள் எதிர்கொண்ட கேள்வியை நீங்களும் எண்ணிப் பாருங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் மிச்சம் இருப்பது ஒரு படுக்கை. மூச்சுத் திணறலோடு ஒரு கோவிட் நோயாளி வெளியே காத்திருக்கிறார். உள்ளே மூளைச்சாவு அடைந்த கொடையாளர் ஒருவர் இருக்கிறார். அவரை ஒரு நாள் அந்தப் படுக்கையில் வைத்திருந்தால் பலர் பிழைக்கலாம். ஆனால் உறுப்பைப் பெறுவோரில் பலருக்கு அறுவைச் சிகிச்சைக்குப் பின் இன்னொரு தீவிர சிகிச்சைப் படுக்கை வேண்டும். வெளியே இருப்பவருக்கோ அந்தப் படுக்கை வாரக்கணக்கில் தேவைப்படலாம்.

இதற்குக் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருப்பதுபோல் ஒரே விடை கிடையாது. உலகெங்கும் மருத்துவக் குழுக்கள் இதற்கு ஒரு பொதுவான வரிசையை ஏற்படுத்திக்கொண்டன. காத்திருக்க முடியாதவருக்கு முதலிடம்; காத்திருக்கக்கூடியவருக்குப் பிறகு. கல்லீரல் திடீரெனச் செயலிழந்தவருக்கு மாற்று உறுப்பைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு இரத்தச் சுத்திகரிப்பு இருக்கிறது. ஆகவே சிறுநீரக மாற்றுச் சிகிச்சைகளே முதலில் தள்ளிவைக்கப்பட்டன. அவற்றிலும், உயிருடன் இருக்கும் உறவினர் ஒருவர் தம் சிறுநீரகத்தைக் கொடுக்கும் சிகிச்சைகள் முன்னதாக நிறுத்தப்பட்டன. நல்ல உடல்நலத்தோடு இருக்கும் ஒருவரைத் தொற்று பரவும் மருத்துவமனைக்குள் கொண்டுவருவது சரியல்ல என்பதே அதற்குக் காரணம்.

எண்கள் சொல்வது என்ன?

உறுப்பு தானத்தில் உலகுக்கு முன்மாதிரியாக இருக்கும் நாடு ஸ்பெயின். அங்கு 2019-இல் பத்து லட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 49 பேர் இறந்தபின் உறுப்பு தானம் செய்தனர். மலேசியாவில் இந்த எண்ணிக்கை பெரும்பாலும் ஒன்றை ஒட்டியே இருக்கும். அப்படிப்பட்ட ஸ்பெயினில் 2020 மார்ச் மாதம் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பு ஒரு நாளைக்குச் சராசரியாக 7.2 கொடையாளர்கள் இருந்தனர். அறிவித்த பிறகு வந்த நாள்களில் அது 1.2 ஆனது. ஒரு நாளைக்கு 16 மாற்றுச் சிகிச்சைகள் நடந்த நாட்டில் அது இரண்டாகச் சுருங்கியது.

பிரான்சில் அந்த முதல் சில வாரங்களில், இறந்தவர்களிடமிருந்து உறுப்பு பெற்றுச் செய்யப்படும் சிகிச்சைகள் 90.6 விழுக்காடு குறைந்தன. அமெரிக்காவில் 51.1 விழுக்காடு குறைந்தன.

பின்னர் 22 நாடுகளின் 2020-ஆம் ஆண்டுத் தரவுகளை ஆய்வாளர்கள் ஒன்றாகத் தொகுத்தனர். அந்த ஆய்வு 2021-இல் 'தி லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில் வெளியானது. முந்திய ஆண்டைவிட மாற்றுச் சிகிச்சைகள் மொத்தத்தில் ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்திருந்தன. உறுப்பு வாரியாகப் பார்த்தால், சிறுநீரகம் 19 விழுக்காடு, நுரையீரல் 15.5 விழுக்காடு, கல்லீரல் 10.6 விழுக்காடு, இருதயம் 5.4 விழுக்காடு. மேலே நாம் பார்த்த வரிசை இந்த எண்களில் அப்படியே தெரிகிறது அல்லவா? காத்திருக்கக்கூடிய உறுப்பில் சரிவு அதிகம். காத்திருக்க முடியாத உறுப்பில் சரிவு குறைவு.

அந்தச் சரிவால் நோயாளிகள் இழந்த ஆயுளையும் அவர்கள் கணக்கிட்டனர். எல்லாருடைய இழப்பையும் கூட்டினால் 48,000 ஆண்டுகளுக்கு மேல் வந்தது.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. ஜப்பானில் மாற்றுச் சிகிச்சைகள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன. அமெரிக்காவிலோ ஆண்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 4 விழுக்காடுதான் குறைவு. ஆனால் 2020-இல் கோவிட்டால் இறந்தவர்கள் ஜப்பானில் ஏறத்தாழ 3,500 பேர். அமெரிக்காவில் 3 லட்சத்துக்கும் அதிகம். அதாவது, கிருமி எவ்வளவு பரவியது என்பது மட்டுமே சரிவைத் தீர்மானிக்கவில்லை. ஜப்பானில் மாற்றுச் சிகிச்சை பெரிதும் உயிருள்ள கொடையாளர்களை நம்பியிருந்தது. அவைதாம் முதலில் தள்ளிவைக்கப்படக்கூடியவை. அமெரிக்க மருத்துவமனைகள் முதல் அதிர்ச்சிக்குப் பின் விரைவாக வழிகளைக் கண்டுபிடித்தன. 2021-இல் அங்கு மாற்றுச் சிகிச்சைகள் வரலாற்றில் முதன்முறையாக 40,000-ஐத் தாண்டின. ஒரு நாடு தன் சேவையை எப்படி அமைத்திருந்தது, எப்படி மாற்றிக்கொண்டது என்பதும் உயிர்களைத் தீர்மானித்தது.

காத்திருப்பது பாதுகாப்பா?

'சிறுநீரக நோயாளிக்குத்தான் இரத்தச் சுத்திகரிப்பு இருக்கிறதே, அவர் காத்திருக்கலாமே' என்று சொல்வது எளிது. மலேசியாவில் 50,000-க்கும் மேற்பட்டோர் இரத்தச் சுத்திகரிப்பை நம்பி வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வாரத்துக்கு மூன்று முறை சிகிச்சை மையத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் கருவியோடு இணைந்திருக்க வேண்டும். ஒரே கூடத்தில் பலர் வரிசையாகப் படுத்திருப்பார்கள்.

நாடே வீட்டுக்குள் இருங்கள் என்று சொல்லப்பட்ட நாள்களில் இவர்களால் வீட்டில் இருக்க முடியவில்லை. சிகிச்சையைத் தவறவிட்டால் உடலில் நீரும் பொட்டாசியமும் சேர்ந்து, இருதயம் நின்றுவிடும் அபாயம் உண்டு. சிகிச்சைக்குப் போனால் தொற்றும் அபாயம் உண்டு. சிறுநீரக நோயாளிகளுக்குக் கோவிட் வந்தால் மற்றவர்களைவிடக் கடுமையாகவும் இருந்தது. தள்ளிவைப்பது ஓர் உயிரைப் பாதுகாக்கும் முடிவாகத் தோன்றினாலும், அதற்கும் ஒரு விலை இருந்தது.

அடக்கிவைக்கப்பட்ட எதிர்ப்பாற்றல்

அப்படியானால், உடனே மாற்றுச் சிகிச்சை செய்துவிடுவதுதான் நல்லதா? அதிலும் ஓர் இடர் இருக்கிறது. நான்காம் படிவ உயிரியலில் நோய் எதிர்ப்பாற்றல் பற்றிப் படிப்பீர்கள். நம் உடலின் வெள்ளை அணுக்கள் அந்நியப் பொருளைக் கண்டால் தாக்கும். தானமாகப் பெற்ற சிறுநீரகமும் அவற்றின் கண்ணுக்கு அந்நியப் பொருளே. ஆகவே உறுப்பு பெற்றவர்கள் வாழ்நாள் முழுவதும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை உட்கொள்ள வேண்டும். டாக்ரோலிமஸ் என்பது அவற்றில் முக்கியமான ஒன்று. அது டி அணுக்கள் பெருகுவதைத் தடுக்கிறது.

உறுப்பைக் காப்பாற்றும் அதே மருந்து, கிருமியை எதிர்க்கும் வலிமையையும் குறைத்துவிடுகிறது. சிகிச்சை முடிந்த முதல் சில வாரங்களில் மருந்தின் அளவு அதிகம் என்பதால், அப்போதுதான் ஆபத்தும் அதிகம்.

தடுப்பூசி வந்தபோது இந்தச் சிக்கல் வேறு வடிவில் தெரிந்தது. தடுப்பூசி நம் எதிர்ப்பாற்றலுக்குப் பாடம் நடத்துகிறது. மாணவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தால் பாடம் எப்படிப் பதியும்? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் உறுப்பு பெற்றவர்களைச் சோதித்தனர். எம்.ஆர்.என்.ஏ. வகைத் தடுப்பூசியின் முதல் ஊசிக்குப் பிறகு 17 விழுக்காட்டினரிடம் மட்டுமே எதிர்ப்பொருள் காணப்பட்டது. இரண்டாவது ஊசிக்குப் பிறகும் 54 விழுக்காட்டினரிடமே இருந்தது. பிரான்சில் மூன்றாவது ஊசி போட்டுப் பார்த்த ஓர் ஆய்வில், எதிர்ப்பொருள் உள்ளவர்கள் 40 விழுக்காட்டிலிருந்து 68 விழுக்காடாக உயர்ந்தனர். இத்தகையவர்களுக்குக் கூடுதல் ஊசி தேவை என்று பல நாடுகள் முடிவெடுத்தது இதனால்தான். அவர்களைச் சுற்றியிருக்கும் நாம் தடுப்பூசி போட்டுக்கொள்வது ஏன் முக்கியம் என்பதற்கும் இதுவே காரணம்.

மருந்து விஷயத்திலும் கவனம் தேவைப்பட்டது. ஈப்போவை அடுத்த தம்புனில் சாலையோரக் கடைகளில் பம்பளிமாஸ் பழங்கள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் அதைச் சாப்பிடக் கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிப்பார்கள். டாக்ரோலிமஸை உடைத்து வெளியேற்றும் நொதி ஒன்று நம் குடலிலும் கல்லீரலிலும் இருக்கிறது. பம்பளிமாஸில் உள்ள சில பொருள்கள் குடலில் அந்த நொதியை முடக்கிவிடும். மருந்து வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கிச் சிறுநீரகத்தையே கெடுக்கும். கோவிட்டுக்குக் கொடுக்கப்படும் பாக்ஸ்லோவிட் மருந்தில் உள்ள ரிட்டோனாவிர் இதே நொதியை இன்னும் பலமாக முடக்கும். மற்றவர்களுக்கு உதவும் மருந்து, உறுப்பு பெற்றவருக்கு மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் கொடுத்தால் நஞ்சாகலாம்.

உறுப்போடு கிருமியும் வருமா?

இந்தக் கேள்வி கோவிட்டுக்கு முன்பே எழுந்தது. 2003-இல் சார்ஸ் நோய் பரவியபோது கனடாவின் டொரோண்டோ நகரில் மாற்றுச் சிகிச்சைகள் சில காலம் நிறுத்தப்பட்டன. முன்பே கல்லீரல் மாற்றுச் சிகிச்சை பெற்றிருந்த ஒருவர் அங்கு சார்ஸ் தொற்றி இறந்தார். அதன் பிறகு, கொடையாளர் எங்கே சென்றுவந்தார், யாரோடு தொடர்பில் இருந்தார் என்று விசாரித்துத் தரம் பிரிக்கும் முறையை அந்நகர மருத்துவர்கள் உருவாக்கினார்கள்.

2020-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த சம்பவம் இன்னும் நுட்பமான பாடத்தைக் கற்றுக்கொடுத்தது. விபத்தில் இறந்த ஒருவரின் நுரையீரல் ஒரு பெண்ணுக்குப் பொருத்தப்பட்டது. கொடையாளரின் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் கிருமி இல்லை என்றே முடிவு வந்திருந்தது. மூன்று நாள்களில் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. கொடையாளரின் நுரையீரலிலிருந்து எடுத்து வைத்திருந்த நீர் மாதிரியைப் பிறகு சோதித்தபோது அதில் கிருமி இருந்தது. அந்த நுரையீரலைக் கையாண்ட அறுவை மருத்துவர் ஒருவருக்கும் தொற்றியது. அவர் குணமடைந்தார், நோயாளி இரண்டு மாதம் கழித்து இறந்தார்.

கிருமி மூக்கில் இல்லாமல் நுரையீரலின் ஆழத்தில் மட்டும் இருக்க முடியும் என்பது இதனால் தெளிவானது. 2021 மே மாதம் முதல், நுரையீரல் கொடையாளர்களுக்கு நுரையீரலின் உள்பகுதி மாதிரியையும் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் விதிக்கப்பட்டது.

ஆனால் கோவிட் முதன்மையாகச் சுவாசப் பாதையில் பெருகும் நோய். தொற்று கண்ட கொடையாளர்களிடமிருந்து பெற்ற சிறுநீரகம், கல்லீரல் போன்றவை பொருத்தப்பட்டவர்களுக்கு நோய் பரவவில்லை என்பதை அடுத்த ஆண்டுகளின் அனுபவம் காட்டியது. எனவே, முன்பு வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட அந்த உறுப்புகளும் கவனமாகத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்தப்பட்டன. அச்சத்தால் விதித்த தடையைச் சான்று கிடைத்ததும் தளர்த்துவது அறிவியலின் இயல்பு.

இன்னொரு புறம், கோவிட்டே மாற்று உறுப்பின் தேவையைக் கூட்டவும் செய்தது. சிலருக்குக் கிருமி மறைந்த பிறகும் நுரையீரல் தழும்பேறிக் கல்போல் இறுகிவிட்டது. 2020 ஜூன் மாதம் சிகாகோவில், டாக்டர் அங்கித் பரத் தலைமையிலான குழு அத்தகைய இளம்பெண் ஒருவருக்கு இரண்டு நுரையீரல்களையும் மாற்றியது. அமெரிக்காவில் இவ்வகைச் சிகிச்சை அதுவே முதல்முறை. அதன்பின் வந்த ஓராண்டுக்கும் சற்று மேற்பட்ட காலத்தில், அந்நாட்டில் நடந்த நுரையீரல் மாற்றுச் சிகிச்சைகளில் நூற்றுக்கு ஏழு கோவிட் நோயாளிகளுக்கானவை.

மீண்டு வந்த வழி

சரிந்த சேவைகள் எப்படி மீண்டன? பெரிய கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே வலுப்படுத்தினார்கள். கொடையாளருக்கும் பெறுபவருக்கும் விரைவான பி.சி.ஆர். சோதனை செய்தார்கள். மருத்துவமனைக்குள் கோவிட் நோயாளிகள் வரும் வழியையும் மாற்றுச் சிகிச்சை நோயாளிகள் வரும் வழியையும் பிரித்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு எவ்வளவு நிரம்பியிருக்கிறதோ அதற்கேற்பப் படிப்படியாகக் குறைப்பது, குறைந்ததும் படிப்படியாகத் திறப்பது என்று முன்கூட்டியே திட்டம் வகுத்தார்கள். வழக்கமான சந்திப்புகள் காணொளிக்கு மாறின. மலேசியாவில் முன்பே இருந்த, அஞ்சல்வழி மருந்து அனுப்பும் சேவை, எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் மருத்துவமனைக் கூட்டத்தில் நிற்காமல் மருந்து பெற உதவக்கூடிய ஒன்று.

நோயைக் கண்காணிக்க உருவான மைசெஜாத்ரா செயலியிலேயே இப்போது உறுப்பு தானத்துக்குப் பதிவு செய்யவும் முடிகிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும்.

இங்கே அண்டை நாடான சிங்கப்பூரோடு ஒரு வேறுபாட்டைக் கவனிக்கலாம். அங்கு 1987-இல் இயற்றப்பட்ட சட்டப்படி, வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காத 21 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களும் நிரந்தரவாசிகளும் இறந்தபின் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தவர்களாகவே கருதப்படுகிறார்கள். மலேசியாவில் நாமே முன்வந்து பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்திருந்தாலும் கடைசி நேரத்தில் குடும்பத்தாரின் சம்மதத்தைக் கேட்பதே நடைமுறை. பதிவு செய்தவரின் விருப்பம் வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருந்தால், அதிர்ச்சியில் இருக்கும் குடும்பத்தார் வேண்டாம் என்று சொல்லிவிடுவது இயற்கை.

கோவிட் கடைசிப் பெருந்தொற்றாக இருக்கப்போவதில்லை. அடுத்தது வரும்போதும் படுக்கைகள் நிரம்பும், விமானங்கள் குறையும், மருத்துவமனைக் கதவுகள் உறவினர்களுக்கு மூடப்படும். படுக்கைகளையும் விமானங்களையும் அரசாங்கமும் மருத்துவமனைகளும்தான் கவனிக்க வேண்டும். குடும்பச் சம்மதம் என்ற கண்ணி மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி என்ன நினைக்கிறார்கள் என்று கேளுங்கள். நீங்கள் நினைப்பதையும் சொல்லுங்கள். சம்மதமாக இருக்கலாம், மறுப்பாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும், நலமாக இருக்கும் நாளில் பேசி வைத்த முடிவு, என்றாவது நள்ளிரவில் மருத்துவமனையிலிருந்து வரும் அழைப்பில் தடுமாறும் ஒருவருக்குத் துணையாக இருக்கும்.